காதுக்கு ஒரு கதவு

கண்ணுக்கு இமையைக் கொடுத்த இயற்கை, காதுக்கு ஒரு மூடியைக் கொடுக்க மறந்துவிட்டது. பார்க்கப் பிடிக்காததைக் கண்ணை மூடித் தவிர்க்கலாம். அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்காமல் இருக்க என்ன செய்வது? அந்த மூடியை மனிதன் தானாகவே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பின்புறம் மூடிய ஹெட்போன் என்று இன்று கடைகளில் தொங்குகிறதே, அதுதான் அந்த மூடி. முதன்முதலாக ஒன்று வாங்கப் போகிறவர் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டு போனால், விற்பவரின் சொல்வன்மைக்கு மயங்காமல் இருக்கலாம். பையிலும் பணம் மிஞ்சும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்று ஒருவர் இருந்தார். 1910-ல் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையார் சோதித்துப் பார்த்தார்கள். தங்களிடம் இருந்தவற்றைவிட அது நன்றாகப் பேசியது. நிறைய வேண்டும் என்று எழுதினார்கள். சமையலறைத் தொழிற்சாலை அல்லவா? ஒரு தடவைக்குப் பத்துத்தான் முடியும் என்று பதில் போனது. கடற்படையார் ஒரு குறையும் சொன்னார்கள்: தலைப்பட்டை உறுத்துகிறது! பால்ட்வின் கோபித்துக்கொள்ளவில்லை. தோல் சுற்றிய இரண்டு கம்பிகளால், தலைக்குத் தக்கபடி நகர்த்தக் கூடிய புதிய பட்டையைச் செய்துகொடுத்தார்.

ரேடியோ மோகம் பரவிய 1920-களில் அவர் பெரும் பணம் சேர்த்தார். அதே பத்தாண்டில் அதை இழந்தும்விட்டார். 1961-ல் காலமானார். இன்று அவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே. ஆனால் அவர் கற்ற பாடம் நிலைத்திருக்கிறது. ஒலி எவ்வளவு உயர்வாக இருந்தாலும், அரை மணியில் தலை வலித்தால் அந்தக் கருவி அலமாரிக்குத்தான் போகும். ஆகவே கடையில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். கால் மணி நேரமாவது தலையில் இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் ஏழை எளியவர்களின் ரேடியோ, கிரிஸ்டல் செட். அதற்கு மின்சாரமும் கிடையாது, பாட்டரியும் கிடையாது. ஆகாயத்திலிருந்து கிடைத்த அற்ப சக்திதான். அதை வீணாக்காமல் ஒலியாக்க, மயிரிழை போன்ற கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய ஹெட்போன் வேண்டியிருந்தது. அதன் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் வரை இருக்கும். இன்றைய கைப்பேசிக்கு ஏற்றது இதற்கு நேர்மாறானது. 32 ஓம் முதல் 80 ஓம் வரை உள்ளவை பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகும். 250 ஓம் என்று போட்டிருந்தால், தனியே ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்க நேரலாம். ஜோடிப் பொருத்தம் கல்யாணத்துக்கு மட்டுமா வேண்டும்?

1958-ல் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்ற ஜாஸ் இசைக்காரர், தனிமையில் கேட்பதற்கென்று ஒரு இசைத்தட்டுப் பெட்டியையும் ஹெட்போனையும் கண்காட்சியில் வைத்தார். ஜனங்கள் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடித்துக்கொண்டார்கள்! வீட்டிலே ஸ்டீரியோ இசையைத் தனியாகக் கேட்கும் வழக்கம் அப்படிப் பரவியது. பத்து வருஷம் கழித்து, 1968-ல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. இசை விசாலமாகக் கேட்டது. ஆனால் பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டது.

தனி அறை உள்ளவருக்குத் திறந்தது சரி. ஒரே கூடத்தில் பாட்டி உறங்க, பையன் பரீட்சைக்குப் படிக்க, மருமகள் பாட்டுக் கேட்க வேண்டிய வீட்டுக்கு மூடியதுதான் தர்மம். மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பதிகிறதா என்று பாருங்கள். சிறு சந்து இருந்தாலும் கனத்த நாதம் ஓடிவிடும். மிருதங்கத்தின் தொப்பி செத்துப்போகும். மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடியோடே சோதிக்க வேண்டும். நம் ஊர் வியர்வையில் மெத்தை உரிந்துவிடும். ஆகையால் மாற்று மெத்தை கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

விலையைக் கண்டு மிரள வேண்டாம். சோனி நிறுவனம் 1991-ல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506 என்னும் மூடிய ஹெட்போன் பல ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்திருக்கிறது. ஆடம்பர ரகங்களின் விலையில் அது ஒரு பகுதிதான். அதனினும் மலிவானவற்றிலும் நல்லவை உண்டு. உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போட்டு, பாடுகிறவரின் குரல் குரலாகவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூடிய ஹெட்போனால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச் சத்தம் குறைவதால், அதோடு போட்டியிட்டு ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. காது பிழைக்கும். ஆனால் தெருவில் இறங்கும்போது கழற்றிவிடுங்கள். கதவு என்பது அடைப்பதற்கு மட்டுமா? திறப்பதற்கும்தானே!