முனைவர் பட்ட ஆய்வாளரும் கற்பித்தல் பயிற்சியும்: 1986 முதல் 2022 வரை

இந்தியாவில் பள்ளி ஆசிரியராவதற்குக் கல்வியியல் பட்டமோ பட்டயமோ தேவை. பல்கலைக்கழக ஆசிரியராவதற்கு அத்தகைய பயிற்சி முன்நிபந்தனையாக இருந்ததில்லை. பாட அறிவே கற்பிக்கும் திறனையும் தந்துவிடும் என்னும் நம்பிக்கை இதன் பின்னணியில் உள்ளது.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை அமைக்கத் தொடங்கியது. அவை வழங்கிய பணியறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பணியில் சேர்ந்தோருக்கே உரியவை. விரிவுரையாளர் தகுதிக்கெனத் தேசியத் தகுதித் தேர்வு 1989இல் தொடங்கப்பெற்றது. அதன் முதல் தாள் இன்று கற்பித்தல் திறனறிவை வினவினும், வகுப்பு நடத்திக் காட்டுமாறு கோருவதில்லை. ஆய்வேடோ ஆராய்ச்சித் திறனுக்கு மட்டுமே சான்று. ஆக, மதிப்பீடு பணிக்கு முன்னும் பயிற்சி பணிக்குப் பின்னும் அமைந்தன. இடைப்பட்ட காலத்தில் மாணவரே புதிய ஆசிரியரின் பயிற்சிக்களமாயினர்.

2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் வழிவந்த 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் இவ்வரிசையை மாற்ற முயன்றன. எல்லாத் துறை ஆய்வாளரும் ஆய்வுக்காலத்திலேயே கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் என்றும், துணைவகுப்பு, ஆய்வகப்பணி, விடை மதிப்பீடு முதலியவற்றுக்காக வாரம் 4 முதல் 6 மணி நேரப் பணியை அவர்களுக்கு வழங்கலாம் என்றும் அவை கூறுகின்றன. முன்னது கட்டாயம், பின்னது விருப்பம்.

இவ்விரண்டையும் இணைப்பது துறைகளின் பொறுப்பு. மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து கண்டு, குறைநிறைகளைப் பின்னர் உரையாடினால்தான் அம்மணிநேரம் பயிற்சியாகும். அஃதின்றேல், நிரப்பப்படாத பணியிடங்களுக்கான ஈடாகவே அது முடியும். ஆய்வேட்டுக்குரிய காலமும் குறையும்.