தெளிவும் நிச்சயமும்: சூரிக் நகரில் வேதம் வாசிக்கப்பட்ட பத்தாண்டு

1522ஆம் ஆண்டு சூரிக்கின் ஓட்டென்பாக் கன்னியர் மடத்தில் சீர்திருத்தப் போதகர் உல்ரிக் ஸ்விங்லி பிரசங்கித்தார். தேவ வார்த்தையின் தெளிவையும் நிச்சயத்தையும் பற்றிய அந்தப் பிரசங்கம் அவ்வாண்டே அச்சேறியது. வேதத்தின் பொருளை உறுதிப்படுத்த போப்பும் வேண்டாம், திருச்சபைச் சங்கங்களும் வேண்டாம். தாழ்மையோடு ஜெபித்து வாசிப்பவருக்கு ஆவியானவரே போதகர் என்பது அதன் சாரம். மறைநூலின் பொருளுக்குக் குருக்களின் வாயையே பார்த்திருந்த மக்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் தெளிவு பெற்றதாகச் சொல்லும் இருவர் முரண்பட்டால்?

1523 ஜனவரி 29 அன்று நகர மன்றத்தில் சுமார் 600 பேர் கூடினார்கள். எபிரெய, கிரேக்க, லத்தீன் வேதங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்விங்லி வாதாடினார். வேதமே நடுவர் என்றார். அவர் தொடர்ந்து பிரசங்கிக்கலாம் என்ற தீர்ப்பைத் தந்ததோ நகர மன்றம். பின்னால் வந்த துயரத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

ஸ்விங்லியிடமிருந்தே ஊக்கம் பெற்ற கொன்ராட் கிரேபெலும் ஃபெலிக்ஸ் மான்ட்ஸும் அதே வேதத்தைப் படித்தார்கள்; குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் கட்டளையை அதில் அவர்கள் காணவில்லை. 1525 ஜனவரி 21 அன்று பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதற்குத் தண்டனையாக 1527 ஜனவரி 5 அன்று மான்ட்ஸைக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது நகர மன்றம். தெளிவைப் பற்றி அத்தனை அழகாகப் பேசியவரின் ஊரில் இது நடந்ததை எளிதில் கடந்துபோக முடியவில்லை. 2004இல்தான் சூரிக்கின் சீர்திருத்தத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது. ஆற்றங்கரையில் நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது.

1529 அக்டோபரில் மார்பூர்க் கோட்டையில் ஸ்விங்லி ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைச் சந்தித்தார். அப்பத்தைத் தம் சரீரம் என்று இயேசு சொன்ன சொற்களை லத்தீனில் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதி, துணியால் மூடி வைத்திருந்தார் லூத்தர். சண்டை முழுவதும் 'எஸ்ட்' என்ற ஒரு வினைச்சொல்லில் வந்து நின்றது. 'ஆகும்' என்றே கொள்ள வேண்டும் என்றார் லூத்தர். 'குறிக்கும்' என்றார் ஸ்விங்லி. தமிழில் இப்படிச் சொல்ல வினையே வேண்டியதில்லை, பெயர்ப் பயனிலை போதும். இயேசு பேசிய அரமேயத்திலும் அப்படித்தான். 15 பிரிவுகளில் 14இல் உடன்பாடு வந்தது. கடைசியில், திருவிருந்தில், அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது.

வாசகர்கள் முரண்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சூரிக் கண்ட நல்ல விடை வேறோர் இடத்தில் இருந்தது. 1525 ஜூன் 19 முதல் கிராஸ்மூன்ஸ்டர் ஆலயத்தில், வெள்ளியும் ஞாயிறும் தவிர எல்லாக் காலையிலும் போதகர்களும் மாணவர்களும் கூடினார்கள். ஜெபத்துக்குப் பின் ஒருவர் லத்தீனில் பழைய ஏற்பாட்டு அதிகாரம் ஒன்றை வாசிப்பார். அடுத்தவர் அதே பகுதியை எபிரெயத்தில் படித்துச் சொல் சொல்லாக விளக்குவார். பின் கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒப்பிடுவார்கள். கடைசியில் கதவு திறக்கும். அன்று கண்ட பொருளை ஊர்மக்களுக்கு ஜெர்மனில் பிரசங்கிப்பார்கள். மடத்தில் தனி வாசகருக்கு வாக்களித்த தெளிவை, இங்கே பலர் கூடித் தேடினார்கள். தாழ்மை என்று ஸ்விங்லி சொன்னது நடைமுறைக்கு வந்தது இந்த உழைப்பில்தான் என்று தோன்றுகிறது.

அந்த உழைப்பின் கனியாக, 1531இல் ஃப்ரோஷவர் அச்சகம் முழு சூரிக் வேதாகமத்தையும் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று காப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்லி மடிந்தார். பழைய ஏற்பாட்டு வகுப்பைத் தியோடர் பிப்ளியாண்டர் ஏற்றுக்கொண்டார். எபிரெயப் பாடம் தொடர்ந்தது.