உருவிலான் மீண்ட வரலாறு

பிறர் கண்ணுக்குப் புலனாகாது உலவ வேண்டும் என்னும் அவா மாந்தரின் தொன்மையான கனவுகளுள் ஒன்று. வானில் மறைந்து நின்று கணை தொடுத்த இந்திரசித்தனைக் கம்பர் நமக்குக் காட்டினார். இட்டவரை மறைத்துவிடும் மாய மையைப் பற்றி நம் பாட்டிமார் கதை கூறினர். அங்கெல்லாம் மறைவு என்பது ஆற்றல். மறைவே அவலமும் ஆகலாம் என உணர்த்தியது மேனாட்டுத் திரைப்படம் ஒன்று.

எச். ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட புதினம் 1933-இல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் படமாயிற்று. அதில் உருவிழந்த அறிவியலாளன் ஆணவம் மிக்கு அழிந்தான். 'உருவிலான் மீள்கிறான்' என்று பொருள்படும் தலைப்புடன் யூனிவர்சல் நிறுவனம் 1940-இல் அதன் தொடர்ச்சிப் படத்தை வெளியிட்டது. இயக்குநர் ஜோ மே வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியில் புகழ் எய்தி, நாஜி ஆட்சியால் நாடு நீங்கியவர். திரைக்கதை எழுதியோருள் ஒருவரான கர்ட் சியோட்மாக்கும் அவ்வாறே புலம்பெயர்ந்தவர். ஊரிழந்தோர் உருவிழந்தவனின் துயரைப் பேசியதில் வியப்பில்லை.

உடன்பிறந்தானைக் கொன்றான் என்னும் பொய்ப்பழி சுமந்து தூக்கு மரத்தை எதிர்நோக்கியிருக்கிறான் ஜெஃப்ரி. அவன் நிலக்கரிச் சுரங்கம் நடத்தும் குடும்பத்தைச் சார்ந்தவன். நண்பரான மருத்துவர் தந்த மருந்தால் உருவிழந்து தப்புகிறான். முதற்படத்தின் நாயகன் உலகை ஆள மறைந்தான். இவனோ குற்றமற்றவன் என மெய்ப்பிக்க மறைந்தான். ஆயினும் அம்மருந்து அறிவையும் மயக்குகிறது. காவலர் புகையைப் பரப்பி அவன் வடிவைத் தேடுகின்றனர். குண்டடிபட்டுக் குளிரில் அலையும் அவன், வயற்காட்டுச் சோளக்கொல்லைப் பொம்மையின் ஆடையைக் களைந்து உடுத்துகிறான். இறுதியில் சுரங்கத் தொழிலாளர் முன்வந்து குருதி கொடுக்கின்றனர். அக்குருதி உள்ளே பாயவும் அவன் உருவம் மீள்கிறது. படம் முழுதும் குரலாகவே உலவிய வின்சென்ட் பிரைசின் முகத்தை நாம் அப்போதுதான் காண்கிறோம்.

நடிகரின் உடலைக் கருமையான வெல்வெட்டால் மூடி, கருந்திரைக்கு முன் நிறுத்தி, அப்படத்தைப் பிறிதொரு காட்சியுடன் இணைப்பது ஜான் ஃபுல்டனின் உத்தி. அது ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. நம் நாட்டிலும் இக்கற்பனை வேரூன்றியது. 1987-இல் வந்த 'மிஸ்டர் இந்தியா' ஓர் ஏழையை உருவிலான் ஆக்கியது. 1989-இல் அதுவே பாக்யராஜ் நடிக்க 'என் ரத்தத்தின் ரத்தமே' எனத் தமிழுக்கு வந்தது.

தில்லித் தமிழராகிய நமக்கு இக்கதை திரையோடு முடிவதில்லை. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு பல்லாண்டுகள் இருந்தது. தமிழகத்தினின்று பிழைப்பு நாடி வந்தோர் அங்கு வாழ்ந்தனர். இந்நகரின் இல்லங்களில் பெருக்கியும் சமைத்தும் உழைத்த அவர்தம் கைகளை நகரம் அறியும், முகங்களை அறியாது. நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு நெடுந்தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. தகுதிப் பட்டியலில் பெயர் இல்லாதோர், தாம் அங்கு வாழ்ந்ததையே மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

மறைந்தவனை மீட்டது மருந்தன்று, உழைப்போரின் குருதியே என்கிறது அப்படம். நம்மிடையே மறைந்து நிற்போர்க்கு நாம் குருதி தர வேண்டுவதில்லை. அவர்தம் பெயரை நினைவிற்கொண்டு, ஏடுகளில் பதிந்து, வேண்டுமிடத்துச் சான்று கூறினால் போதும். ஒரு சங்கம் இதனினும் பெரிய பணி ஒன்றைத் தேட வேண்டுவதில்லை.