கோபன்ஹேகனில் ஒரு விளக்கு

கிருமிகள் வளரக்கூடிய திரவத்தைக் கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி, அவற்றில் சிலவற்றை ஈயத் தகட்டால் மூடியும் சிலவற்றைத் திறந்தபடியும் வெயிலில் வைத்துப் பார்த்த டௌன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், மூடிய குழாய்களில் கலங்கல் கண்டதையும் வெயில் பட்டவை தெளிவாகவே நின்றதையும் 1877-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அன்று முதல், வெளிச்சம் என்றால் கிருமிக்கு யமன் என்ற எண்ணம் வைத்திய உலகில் வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் 1860-இல் பரோயே தீவுகளில் பிறந்த நீல்ஸ் பின்சன். இளமையிலேயே தேக நலம் குன்றி, வடக்குப் பார்த்த அறையில் வெயிலின் முகமே காணாமல் சோர்ந்து கிடந்த அவருக்கு, நிழல் நகர நகரத் தானும் எழுந்து வெயிலுக்கு மாறிப் படுத்துக்கொண்ட ஒரு பூனை பெரிய உபாத்தியாயராக அமைந்தது என்பார்கள். அக்காலத்தில், லத்தீன் மொழியில் ஓநாய் என்று பெயர் பெற்ற ‘லூபஸ்’ என்னும் சர்ம க்ஷயம், மூக்கையும் கன்னத்தையும் சிறிது சிறிதாக அரித்து, அதற்கு ஆளானவர்கள் வெளியே தலைகாட்ட முடியாதபடி செய்துகொண்டிருந்தது. 1895-இல் அந்த வியாதியஸ்தர் ஒருவருக்கு மின்சார விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சிக் குணம் கண்ட பின்சன், மறு வருஷமே கோபன்ஹேகனில் தமது ஒளி வைத்திய நிலையத்தைத் தொடங்கினார்.

அங்கே சிகிச்சை நடந்த விதம் கவனிக்கத் தக்கது. உயரே தொங்கும் ஒரு பெரிய கார்பன் ஆர்க் விளக்கிலிருந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் போன்ற நான்கு குழாய்கள் கீழ்நோக்கிச் சரிந்து வரும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நோயாளி படுத்திருப்பார். சூடு தோலைப் பொசுக்காதபடி இடையில் தண்ணீர் ஓடும். ரத்தம் தேங்கி நின்றால் ஒளி உள்ளே இறங்காது என்பதால், ஸ்படிக வில்லை ஒன்றைப் புண்ணின் மேல் வைத்து, ஒரு தாதி மணிக்கணக்கில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நோபல் பரிசு 1903-இல் பின்சனுக்கு வந்தது. வில்லையை அழுத்திப் பிடித்த தாதிகளின் கைகளைப் பற்றிச் சரித்திரம் அதிகம் பேசவில்லை. பரிசு வந்த மறு வருஷம், நாற்பத்துமூன்றாம் வயதில், பின்சன் காலமானார்.

ஸ்விட்ஸர்லாந்தில் லேசான் மலைக் கிராமத்தில் ரோலியே என்ற வைத்தியர், எலும்பு க்ஷயம் கண்டவர்களை வெயிலில் கிடத்தி, முதல் நாள் பாதத்துக்கு மட்டும் ஐந்து நிமிஷம், பிறகு முழங்கால், தொடை என்று ஏற்றிக்கொண்டே போனதும் இதே காலம்தான். க்ஷயத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்ததும் இவையெல்லாம் பழங்கதையாயின.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. பின்சனின் பழைய கருவிகளை 2005-இல் சோதித்த டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், கிருமியைக் கொன்றதாக நம்பப்பட்ட குறுகிய புற ஊதாக் கதிர்களை அந்த வில்லைகள் கடத்தவே இல்லை என்றும், க்ஷயக் கிருமி தன் உடலில் தானே உண்டாக்கி வைத்திருந்த பார்ஃபிரின் என்ற பொருள்தான் ஒளியை உறிஞ்சி அதற்கே விஷமாகியிருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். வைத்தியர் கொன்றதாக நினைத்த பகைவன் தன் மடியிலிருந்த நெருப்பால் மாண்டான் போலும்!

இன்றோ, கிருமியை அழிக்கப் பிறந்த அதே ஒளியைக் கொண்டு, நம் குடலில் வசிக்கும் நுண்ணுயிர்களைப் போஷிக்க முடியுமா என்று ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். 2019-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், ஆரோக்கியமுள்ள பெண்களின் தோலில் ஒரே வாரத்தில் மூன்று முறை புற ஊதா ‘பி’ கதிர்களைச் செலுத்திப் பார்த்தபோது, வைட்டமின் டி மாத்திரை சாப்பிடாதவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களிடம் அவ்வித மாறுதல் காணவில்லை. ஆகவே, தோலில் விழும் ஒளி வைட்டமின் டி வழியாகக் குடலை எட்டுகிறது என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் ரசமானது, அதனால் ஆரோக்கியம் கூடிற்றா என்பது வேறு கேள்வி. பரிசோதனைக்கு உட்பட்ட பெண்களோ மொத்தம் 21 பேர். அதை நம்பி விளக்கு வாங்கப் புறப்படுவது அவசரம்.