நேத்ராணிக்குப் போய்வந்த கப்பல்கள்

உத்தர கன்னட மாவட்டத்தின் முருடேஷ்வர் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கி.மீ. தொலைவில், அரபிக்கடலில் செங்குத்தான பாறைமுகங்களோடு நிற்கிறது நேத்ராணித் தீவு. குடியிருப்பு எதுவும் இல்லை. வெண்வயிற்றுக் கடற்கழுகுகள் மரங்களில் கூடு கட்டுகின்றன, குகைகளில் உழவாரன்கள், பாறையடியில் பவளத் திட்டுகள். மனிதர் வாழாத இடத்துக்கு வரலாறு ஏது என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் இத்தகைய தீவுகளின் வரலாறு கப்பல்களின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. போனவர்கள் எதை எடுத்து வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு அந்தப் பயணங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இந்தத் தீவை முதலில் அறிந்தவர்கள் கரையோர மீனவர்கள். அவர்கள் மீன்பிடிக்க மட்டுமன்றி வழிபடவும் சென்றார்கள். தீவில் இன்றும் ஆடுகள் மேய்கின்றன. ஆடு நீந்தி வரும் தூரமல்ல. என்றோ ஒரு படகு இறக்கிவிட்டதன் வழித்தோன்றல்கள் அவை.

எழுத்தில் வரும் முதல் முக்கியமான பயணி தாமஸ் ஜெர்டன். தலச்சேரியில் மருத்துவராக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவுக்குச் சென்று, குகைக்குள் கூடு கட்டியிருந்த உழவாரன்களைத் தன் கண்ணால் பார்த்தார். அச்செய்தி 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலில் இடம்பெற்றது. ஆங்கிலேயர் வரைபடங்களில் அப்போது இது பிஜன் தீவு.

அடுத்து வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். காங்கிரஸைத் தோற்றுவித்தவர் என்றே நாம் அவரை அறிவோம். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பறவையியலில் அவர் பெரும்பணி செய்துவிட்டார். 1873 மார்ச்சில் ஸ்டோலிஸ்கா, டாப்சன், வுட்மேசன், வாலண்டைன் பால் ஆகிய இயற்கையியலாளர்களோடு 'ஸ்கோஷியா' என்ற நீராவிக் கப்பலில் அந்தமான் பக்கம் சென்றார். நார்கொண்டம் தீவுக்கே உரிய இருவாச்சியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் பயணம்தான். 1875இல், கடல் அளவைப் பணியில் இருந்த 'கிளைட்' கப்பலில் மேற்குக் கரையோரமும் லட்சத்தீவுகளும் சுற்றினார். வேங்குர்லா பாறைத் தீவுகளும் நேத்ராணியும் அவருடைய வழியில் இருந்தன. மறு ஆண்டு தன்னுடைய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் அப்பயணத்தை விரிவாக எழுதினார்.

ஹ்யூமின் பயணத்தை இரண்டு விதமாக எடைபோட வேண்டும். அவர் துப்பாக்கியோடு சென்றவர். 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்த பறவை உடல்களும் முட்டைகளும் 80,000 அளவிலானவை. இன்றைய கண்ணுக்கு அது பெரும் அழிவு; அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் ஆளில்லாத் தீவு ஒன்றில் எந்தப் பறவை இருந்தது, எந்த மாதத்தில் இருந்தது என்ற அடிப்படைச் செய்தி அவரால்தான் நம்மிடம் இருக்கிறது. நேத்ராணியின் பறவைகளை 2011இல் ஆய்ந்து எழுதிய சதீஷ் பாண்டே குழுவினருக்குப் பின்னோக்கிப் பார்க்க ஒரு பழைய பதிவு இருந்ததென்றால், அதற்குக் காரணம் அந்தக் கப்பல் பயணம்.

20ஆம் நூற்றாண்டில் போக்கு மாறியது. எடுத்துவருவது குறைந்து, விட்டுவருவது கூடியது. இந்தியக் கடற்படை நேத்ராணியைக் குண்டு சுடும் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தியது. நார்கொண்டத்தில் 1976இல் காவலர்கள் கொண்டு இறக்கிய ஆடுகள் பல நூறாகப் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன; பின்னர் அவற்றை அகற்ற நேர்ந்தது. கலாபகஸ் தீவுகளின் நிலை இன்னும் கடுமையானது. அங்கே 1997 முதல் 2006 வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழித்த பிறகே தாவரங்கள் தலையெடுத்தன. அதே கலாபகஸில் 1967இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் தொடங்கிய சிறுகப்பல் சுற்றுலா, வழிகாட்டியின்றி யாரும் கரையேறக் கூடாது, கப்பலுக்கு 100 பயணிகளுக்கு மேல் கூடாது போன்ற கட்டுப்பாடுகளோடு வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு பயண மரபு உருவாகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக்கினோம். அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் பவளக்கல் வெட்டியதன் விளைவாகக் கடலுக்குள் போயின.

இப்போது நேத்ராணிக்குப் போகும் படகுகள் முக்குளிப்போரின் படகுகள். மழைக்காலம் முடிந்ததும் முருடேஷ்வரிலிருந்து புறப்படுகின்றன. இவற்றில் வருவோரில் பெரும்பகுதியினர் பெங்களூர்க்காரர்கள். வெள்ளி இரவு பெங்களூரின் மல்லேஸ்வரம் பேட்டையிலிருந்து கிளம்பினால் ஏறக்குறைய 500 கி.மீ. கடந்து மறுநாள் கடலில் இருக்கலாம். இவர்கள் தீவில் கால் வைப்பதில்லை. படகிலிருந்தே நீரில் இறங்கி, பார்த்துவிட்டு ஏறுகிறார்கள். முந்தைய எல்லாப் பயணங்களோடும் ஒப்பிட்டால் இது தீவுக்கு மிகக் குறைந்த சுமை தரும் பயணம் என்பது என் முடிவு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், எழுத்து அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஹ்யூம் ஒரு பயணத்தில் விட்டுச்சென்ற பதிவுக்கு ஈடான தொடர் பதிவு இன்றைய ஆயிரக்கணக்கான முக்குளிப்புகளிலிருந்து உருவாகவில்லை.

இந்தப் பதிவுக் குறையோடு மல்லேஸ்வரத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. மாநில வனத்துறையின் தலைமையகமான அரண்ய பவன் 18ஆம் கிராஸில் இருக்கிறது. கர்நாடக உயிரினப் பன்மை வாரியமும் இந்தப் பேட்டையில்தான். 2007இல் நல்லூர்ப் புளியந்தோப்பை நாட்டின் முதல் உயிரினப் பன்மை மரபுத் தலமாக அறிவிக்கச் செய்தது இந்த வாரியத்தின் பெருமை. அதைத் தொடர்ந்து ஹொக்ரேகான், ஜி.கே.வி.கே. வளாகம், அம்பரகுட்டா ஆகியவை சேர்ந்தன. நான்கும் தரைப்பகுதிகள். கடலும் தீவும் கொண்ட ஒரு மாநிலத்தின் முதல் பட்டியலில் ஒரு தீவுகூட இடம்பெறாததை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். கோப்பில் சேர்க்கத் தேவையான தொடர்ச்சியான தரவு, தோப்புக்குக் கிடைப்பதுபோல் தீவுக்குக் கிடைப்பதில்லை.

அந்தத் தரவு ஓரளவு ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. முக்குளிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தம் பதிவேட்டில் தேதி, ஆழம், நீரின் தெளிவு, கண்ட மீன்கள் ஆகியவற்றைக் குறிப்பது வழக்கம். பல பதிவேடுகள் மல்லேஸ்வரத்து வீட்டு அலமாரிகளிலேயே இருக்கக்கூடும். அவற்றைத் திரட்டுவதோடு படகோட்டிகளிடமும் ஒரு குறிப்பேடு கொடுக்க வேண்டும். கடற்கழுகுகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் குளிர்மாதங்களும் முக்குளிப்புப் பருவமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. எந்தப் பாறைமுகத்தை ஒட்டி, எத்தனை மணி நேரம், எத்தனை படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன என்பது அந்தக் குறிப்பேட்டின் முதல் பத்தியாக இருக்க வேண்டும்.