சொந்த அணிக்கு எதிரான கேலிக்கூச்சல்

சொந்த அணிக்கு எதிரான கேலிக்கூச்சல் என்பது, விளையாட்டரங்கில் கூடியிருக்கும் இரசிகர்கள் தாம் ஆதரிக்கும் அணியின் மீதோ அவ்வணியின் ஆட்டக்காரர் ஒருவர் மீதோ தமக்குள்ள அதிருப்தியைக் கூச்சலிட்டும் ஊளையிட்டும் வெளிப்படுத்துவதைக் குறிக்கும். எதிரணியினரைக் கேலி செய்வதும் நடுவரின் முடிவை எதிர்த்துக் கத்துவதும் இதில் அடங்கா. காற்பந்து, அடிபந்தாட்டம், துடுப்பாட்டம் எனப்படும் கிரிக்கெட் ஆகிய விளையாட்டுகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

தடுமாறும் அணியை அதன் இரசிகர்களே கேலி செய்வது முறையா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும். இந்தியத் துடுப்பாட்டத்தில் பெரிதும் பேசப்பட்ட நிகழ்வுகளை நோக்கினால், மோசமான ஆட்டம் மட்டுமே காரணமாக அமைந்தவை குறைவு. ஒருவரை நீக்கியது, அணித்தலைவரை மாற்றியது போன்ற நிருவாக முடிவுகளே பலவற்றுக்குத் தொடக்கமாக இருந்துள்ளன. ஆயினும் அம்முடிவுகளை எடுத்தோர் களத்தில் நிற்பதில்லை என்பதால், கூச்சலை ஆட்டக்காரரே கேட்க நேர்கிறது.

சொல் வழக்கு

இச்செயலுக்குத் தமிழில் தனிச்சொல் நிலைபெறவில்லை. கூச்சலிடுதல், ஊளையிடுதல், கேலி செய்தல் ஆகிய சொற்களே இடத்துக்கேற்பப் பயன்படுத்தப்படுகின்றன.

ஒரே ஒலி இடத்துக்கு இடம் வேறு பொருள் தருவதும் உண்டு. தமிழ்நாட்டில் திரையரங்கிலும் விளையாட்டரங்கிலும் விசிலடிப்பது பாராட்டாகும். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் முழக்கமே 'விசில் போடு' என்பதாகும். எசுப்பானியக் காற்பந்து அரங்குகளில் அதே விசில் கண்டனத்தைக் குறிக்கும். ரியல் மாட்ரிட் அணியின் சாந்தியாகோ பெர்னபேயு அரங்கில் கிறிஸ்டியானோ ரொனால்டோ கூடத் தம் இரசிகர்களின் விசிலுக்கு ஆளானார். அங்கு வெண்ணிறக் கைக்குட்டைகளை அசைப்பதும் எதிர்ப்பின் அடையாளமாகும்.

ஊர் அணிகளும் தொழில்முறை அணிகளும்

காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற கடலோர மீனவ ஊர்களானாலும் உள்நாட்டுச் சிற்றூர்களானாலும், ஊர் அணிகள் ஆடும் கபடி, கைப்பந்து ஆட்டங்களில் பார்வையாளரும் ஆட்டக்காரரும் பெரும்பாலும் உறவினராகவோ அண்டை வீட்டினராகவோ இருப்பர். அங்கு எழும் ஏச்சு உரிமையோடு சொல்லப்படுவது. ஏசியவரை ஏசப்பட்டவர் மறுநாள் தெருவில் சந்தித்தே ஆக வேண்டும். 'நீ வந்து ஆடிப் பார்' என்று மறுமொழி சொல்லும் வாய்ப்பும் அவருக்கு உண்டு.

தொழில்முறை விளையாட்டில் இவ்வுறவு இல்லை. இரசிகர் பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிறார். ஆட்டக்காரர் ஊதியம் பெறுகிறார். கேலிக்கூச்சலை ஆதரிப்போரின் முதன்மை வாதம் இதுவே. அணித்தேர்வு, பயிற்சியாளர் நியமனம், சீட்டு விலை ஆகிய எதிலும் இரசிகருக்கு வாக்கு இல்லாத நிலையில், குரல் ஒன்றே அவரிடம் எஞ்சுவது என்பர். தடுமாறுபவரை மேலும் தடுமாறச் செய்வதால் தோல்வியே நெருங்கும் என்பது எதிர்ப்போரின் வாதம். பார்வையாளரின் குரல் ஆட்டத்தைப் பாதிக்கிறது என்பதற்கு ஓரளவு சான்றும் உள்ளது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது செருமானிய பண்டசுலிகா காற்பந்து ஆட்டங்கள் ஆளில்லா அரங்குகளில் நடந்தபோது, சொந்த அரங்கில் ஆடிய அணிகளின் வெற்றிகள் குறைந்தன. ஆனால் ஆதரவு இல்லாமற்போவதன் விளைவையே இது காட்டுகிறது. கேலியின் விளைவை இதிலிருந்து நேரடியாகக் கணிக்க இயலாது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகர இரசிகர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். 1968 திசம்பரில், பெரும்பாலும் தோற்றுவந்த ஈகிள்சு அணியின் கடைசி ஆட்டத்தின்போது, இடைவேளையில் வந்த கிறித்துமசு தாத்தா வேடதாரி மீதே அவர்கள் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்தனர். அணியின் மீதிருந்த வெறுப்புக்கு வேடமிட்டவர் இலக்கானார்.

2010 உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டியில் இங்கிலாந்து சூன் 18 அன்று அல்சீரியாவுடன் கோல் ஏதுமின்றிச் சமநிலை கண்டது. கேப் டவுன் அரங்கில் இங்கிலாந்து இரசிகர்கள் கூச்சலிட்டனர். வெளியேறும்போது வேய்ன் ரூனி தொலைக்காட்சிப் படக்கருவியை நோக்கி அவர்களைக் குத்திப் பேசினார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். 2022 மார்ச்சில் பாரிசு செயின்ட் செர்மைன் இரசிகர்கள் லியோனல் மெசியையும் நெய்மாரையும் சொந்த அரங்கிலேயே கேலி செய்தனர். அவ்வணி சாம்பியன்சு லீக் தொடரிலிருந்து ரியல் மாட்ரிடிடம் தோற்று வெளியேறிய சில நாள்களில் இது நடந்தது.

நியூயார்க் மெட்சு அடிபந்தாட்ட அணியில் 2021 ஆகத்தில் நடந்தது சற்றே வேறானது. நன்றாக ஆடிய வேளைகளில் அவ்வணியினர் சிலர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினர். இரசிகர்களின் கேலிக்கு அது தங்கள் பதில் என்று காவியர் பயேசு விளக்கினார். சங்கத் தலைவர் சாண்டி ஆல்டர்சன் தம் ஆட்டக்காரர் பக்கம் நிற்கவில்லை. கூச்சலிடுவது இரசிகர்களின் உரிமை என்று அறிக்கை வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் மன்னிப்புக் கேட்டனர். கூச்சலைப் பொறுத்துக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதி என்பதை ஓர் அணி நிருவாகமே இவ்வளவு வெளிப்படையாகக் கூறியது அரிது.

இந்தியாவில்

கொல்கத்தா ஈடன் கார்டன்சு

1984–85இல் இங்கிலாந்துக்கு எதிரான தில்லித் தேர்வுப் போட்டியில் பொறுப்பின்றி அடித்து ஆட்டமிழந்ததற்காகக் கபில் தேவ் அடுத்து வந்த கொல்கத்தா ஆட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 131 தேர்வுப் போட்டிகளில் ஆடிய அவர் தம் ஆட்ட வாழ்வில் தவறவிட்டது இவ்வொன்றையே. முகமது அசாருதீன் தம் முதல் தேர்வுப் போட்டியிலேயே நூறு ஓட்டங்கள் எடுத்ததும் இவ்வாட்டத்தில்தான். எனினும், ஆட்டப்பகுதியை முடித்துக்கொள்வதாக அறிவிக்கக் காலம் தாழ்த்திய அணித்தலைவர் சுனில் காவஸ்கர் மீதே கூட்டத்தின் கோபம் திரும்பியது. அவரைக் கேலி செய்ததோடு பழங்களையும் எறிந்தனர். இனி அங்கு ஆடுவதில்லை என முடிவு செய்த காவஸ்கர், 1987இல் பாக்கித்தானுக்கு எதிரான கொல்கத்தா ஆட்டத்தில் பங்கேற்கவில்லை. அத்துடன் தொடர்ச்சியாக 106 தேர்வுப் போட்டிகளில் ஆடிய அவரது வரிசை முறிந்தது.

1996 மார்ச்சு 13 அன்று நடந்த உலகக்கோப்பை அரையிறுதி, ஆட்டச் சரிவே காரணமான நிகழ்வாகும். இலங்கையின் 251 ஓட்டங்களை விரட்டிய இந்தியா, ஒரு விக்கெட்டுக்கு 98 என்ற நிலையிலிருந்து 8 விக்கெட்டுக்கு 120 என்ற நிலைக்குச் சரிந்தது. இரசிகர்கள் களத்தில் புட்டிகளை எறிந்தனர். இருக்கைப் பகுதிகளில் தீ வைத்தனர். போட்டி நடுவர் கிளைவ் லாயிட் இலங்கை வென்றதாக அறிவித்தார். ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்பிளி அழுதுகொண்டே வெளியேறினார். இதைக் கேலிக்கூச்சல் என்று கூறுவதைவிடக் கலவரம் என்பதே பொருந்தும்.

2005 நவம்பர் 25 அன்று அதே அரங்கு இந்திய அணிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவை ஆதரித்தது. மண்ணின் மைந்தரான சௌரவ் கங்குலி அணியிலிருந்து நீக்கப்பட்டதும், பயிற்சியாளர் கிரெக் சாப்பல் மீதிருந்த சினமும் இதற்குக் காரணமாகும். இந்தியா 10 விக்கெட்டுகளால் தோற்றது. கங்குலியை நீக்கியது தேர்வாளர்கள்; கேலியைக் கேட்டது களத்தில் நின்ற இராகுல் திராவிடும் மற்றவர்களும்.

மும்பை வான்கேடே

2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான தேர்வுப் போட்டியில் 21 பந்துகளில் ஓர் ஓட்டம் எடுத்து ஆட்டமிழந்த சச்சின் டெண்டுல்கர், பிறந்த ஊரின் அரங்கிலேயே கேலிக்கு ஆளானார். மோசமான ஆட்டம் ஒன்றே காரணமான அரிய நிகழ்வு இது. இதன் பின்னரும் அவர் ஏழாண்டுகளுக்கு மேல் ஆடினார். 2013இல் விடைபெற்றதும் அதே அரங்கில்தான்.

மும்பை இந்தியன்சு அணிக்கு ஐந்து முறை ஐபிஎல் கோப்பையைப் பெற்றுத் தந்த ரோகித் சர்மாவை நீக்கி, குசராத் டைட்டன்சு அணியிலிருந்து மீண்ட ஹர்திக் பாண்டியாவைத் தலைவராக்கும் முடிவு 2023 திசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 ஏப்பிரல் 1 அன்று வான்கேடேயில் நாணயச் சுண்டலின்போது கூச்சல் மிகவே, தொகுத்து வழங்கிய சஞ்சய் மஞ்சுரேக்கர் கூட்டத்தினரை ஒழுங்காக நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். மும்பை அத்தொடரில் கடைசி இடம் பெற்றது. அடுத்து வந்த இருபது20 உலகக்கோப்பையின் இறுதியாட்டத்தில் (சூன் 29) ஹைன்ரிக் கிளாசன், டேவிட் மில்லர் இருவரையும் வீழ்த்திக் கடைசி ஓவரையும் வீசியவர் பாண்டியா. சூலை 4 அன்று வான்கேடேயில் நடந்த வெற்றி விழாவில் அவர் பெயர் முழங்கியது. இடைப்பட்டவை மூன்று மாதங்களே.

சென்னை சேப்பாக்கம்

சேப்பாக்கம் மு. அ. சிதம்பரம் அரங்கின் இரசிகர்கள் ஆட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் எனப் பெயர் பெற்றவர்கள். இப்பெயருக்கு 1999 சனவரி 31 அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. பாக்கித்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்டங்களால் தோற்றது. அரங்கு சிறிது நேரம் அமைதியானது; பின் எழுந்து நின்று பாக்கித்தான் அணிக்குக் கைதட்டியது. 2018 ஏப்பிரலில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரிய போராட்டத்தின்போது களத்தை நோக்கிக் காலணிகள் எறியப்பட்டன. ஆயினும் அது அணியின் ஆட்டத்தைப் பற்றியதன்று.

இருப்பினும், கேலிக்கூச்சலை ஒத்த ஒன்று சேப்பாக்கத்திலும் உண்டு. மகேந்திரசிங் தோனி மட்டையாட வர வேண்டும் என்பதற்காக, அவருக்கு முன் ஆடும் சொந்த அணி மட்டையாளர் ஆட்டமிழப்பதை இரசிகர்கள் கொண்டாடினர். இதில் ஊளையும் இல்லை, வெறுப்பும் இல்லை, ஆரவாரம்தான். ஆனால் வெளியேறுபவருக்கு அது எவ்வாறு கேட்கும் என்பது வேறு செய்தி. 2023 மே 10 அன்று தில்லி கேப்பிட்டல்சு அணிக்கு எதிரான வெற்றியில் ஆட்ட நாயகனாகத் தேர்வான இரவீந்திர ஜடேஜா, தாம் முன்னதாகக் களமிறங்கினால் தாம் ஆட்டமிழக்க வேண்டுமென்றே இரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே கூறினார். அதே மாத இறுதியில் அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வென்று தந்தவர் அவர்.

2025 தொடரில் சென்னை அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பிடித்தது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்தில் தோற்றது. பெங்களூர் அணி 2008க்குப் பின்னும், தில்லி அணி 2010க்குப் பின்னும் அங்குச் சென்னையை வென்றன. சென்னைக்கு எதிராக ஐதராபாத்து அணிக்கு அங்கு அதுவே முதல் வெற்றி. கொல்கத்தாவுக்கு எதிராக எடுத்த 103, அவ்வரங்கில் சென்னை அணியின் மிகக் குறைந்த எண்ணிக்கையாகும். பெங்களூருக்கு எதிராகத் தோனி ஒன்பதாவதாகக் களமிறங்கியது பரவலாகக் குறை கூறப்பட்டது. ஆனாலும் அவர் ஆடுகளத்துக்கு வந்தபோதெல்லாம் அரங்கு ஆரவாரித்தது. ஜடேஜா 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக இராசத்தான் ராயல்சு அணிக்கு அனுப்பப்பட்டார்.