ரெண்டு முதல்வர்கள், ரெண்டு தோல்விகள்

பதவியில் இருக்கும் முதலமைச்சர் ஒருவர் தன் சொந்தச் சீமையிலேயே தேர்தலில் தோற்றுப்போனால் என்ன ஆகும்? நாலு நாள் பத்திரிகைகள் கிழிக்கும். டீக்கடையில் சிரிப்பார்கள். அப்புறம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால், அப்படி ஒரு தோல்வியை டெல்லிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், கராச்சிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், ஒரு நாடு ஏன் ரெண்டாக உடைந்தது என்பது புரிந்துவிடும்.

முதலில் நம்ம ஊர்க் கதை.

பூ.ச.குமாரசாமி ராஜா. 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். காந்தியின் பின்னால் போனார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவி விலக, சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். ஆமாம், அப்போது பிரதமர் என்றுதான் பெயர். 1950-ல் குடியரசு ஆன பிறகுதான் முதலமைச்சர்.

உட்கார்ந்தது பூநாற்காலி இல்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் ஒரே மாகாணத்தில். ஆந்திரத்தைத் தனியாகக் கொடு என்று தெலுங்கர்கள் கேட்கிறார்கள். பிரிவினைக் கமிட்டிக்குத் தலைவர் யார்? குமாரசாமி ராஜாதான். வேடிக்கை என்ன தெரியுமா? ராஜபாளையத்து ராஜுக்களுக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு. ஊரோ ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊர். சென்னைப் பட்டணம் யாருக்கு என்ற இடத்தில் கமிட்டி முட்டிக்கொண்டது. பிரகாசம் ஒத்துக்கொள்ளவில்லை. காரியம் அப்படியே நின்றுபோச்சு.

1952-ல் முதல் பொதுத்தேர்தல். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலமைச்சர் குமாரசாமி ராஜா தோற்றார்! 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, தேர்தலில் நிற்காமலே முதல்வராக்கினார்கள். அழகான காரியம் இல்லைதான். ஆனால் ஜெயித்த எதிர்க்கட்சிக்காரர்கள் சபைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். வாய்க்கு வாய் கேள்வி கேட்டார்கள். அந்த வருடம் டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிரை விட, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிறந்தது. ஓர் உயிர் போன பிறகுதான் டெல்லிக்குக் காது கேட்டது, ஆனாலும், கேட்டது.

இப்போது கிழக்கு வங்காளம். பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேல் வங்காளிகள். ஆனால் 1948-ல் டாக்காவுக்கே வந்து, ‘உருது மட்டும்தான் அரசு மொழி’ என்று அறிவித்தார் ஜின்னா. 1952 பிப்ரவரி 21 அன்று மொழிக்காகத் திரண்ட மாணவர்களைச் சுட்டது போலீஸ். அப்போது அங்கே முதல்வர் நூருல் அமீன்.

1954-ல் தேர்தல். நூருல் அமீனைத் தோற்கடித்தது ஒரு மாணவர் தலைவர்! முஸ்லிம் லீக் துடைத்தெறியப்பட்டது. ஐக்கிய முன்னணி ஜெயித்து ஆட்சி அமைத்தது. ரெண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. கராச்சி அந்த ஆட்சியைக் கலைத்துவிட்டது.

பாருங்கள், வித்தியாசம் இங்கேதான். ஓட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை என்று வங்காளி முதல்முறையாகத் தெரிந்துகொண்டான். 1956-ல் வங்காளத்தையும் அரசு மொழியாக்கினார்கள். லேட்! கணக்குப் புத்தகமும் அவனுக்குக் கசந்துகொண்டிருந்தது. சணல் விற்று அந்நியச் செலாவணி கொண்டுவந்தது கிழக்கு. பெரும் செலவெல்லாம் மேற்கில்.

1970-ல் மறுபடி தேர்தல். கிழக்கில் 162 இடங்களில் 160 முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக்குக்கு. அதாவது, மொத்தப் பாகிஸ்தானுக்கும் அவர்தான் பிரதமர் ஆகவேண்டும். யாஹ்யா கான் சபையைக் கூட்டவே இல்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவத்தை இறக்கினார். லட்சம் லட்சமாக அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 16-ல் சுமார் 93,000 பேர் சரணடைய, வங்கதேசம் பிறந்தது.

அவாமி லீக் ஜெயிக்காத அந்த ரெண்டு இடங்களில் ஒன்று யாருடையது தெரியுமா? அதே நூருல் அமீன்! போர் நடக்கும்போதே அவரைப் பாகிஸ்தான் பிரதமராக்கினார்கள். பதவி 13 நாள். அதற்குள் அவர் பிறந்த மண் வேறு நாடாகிவிட்டது.

சரி, சுதந்திரம் வந்ததே, பாடம் படித்தார்களா? 1975 ஜனவரியில் முஜிபே ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 15-ல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1981-ல் ஜனாதிபதி ஜியாவுர் ரஹ்மானும் கொலை. பிறகு எர்ஷாத்தின் ராணுவ ஆட்சி. 2024 ஜனவரியில் பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்த தேர்தலில் ஜெயித்தார் முஜிபின் மகள் ஷேக் ஹசீனா. ஆகஸ்ட் 5-ல் ஹெலிகாப்டர் ஏறி நாட்டை விட்டே போனார். ஓட்டுப்பெட்டி வழியாக இறக்க முடியாதவர்களை ஜனங்கள் வேறு வழியில் இறக்கிவிடுகிறார்கள்.

குமாரசாமி ராஜா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1954-ல் ஒரிஸ்ஸா கவர்னரானார். 1957-ல் காலமானார். தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார்; அதுதான் காந்தி கலை மன்றம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு குற்றாலம் போகிறவர்கள் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.